இடுப்புச் சுமையும் பள்ளிக்கூடத்துத் தூரமும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் முகவரி கேட்டால் வட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இன்ன வட்டம், இன்ன ரோடு, இன்ன குவார்ட்டர்ஸ். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாம் உண்டு. 1956 நவம்பரில் கம்பெனி பதிவானது, 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1962இல் சோவியத் உதவியோடு அனல் மின்சாரம் வந்தது என்று இங்கே வளர்ந்த பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். 2016இல் கம்பெனியின் பேர்கூட என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது. வட்டங்களுக்கு வெளியே மாறாதது ஒன்று இருக்கிறது. அங்கே ஊர் தனி, காலனி தனி. அப்படிப்பட்ட ஒரு காலனிக்காரி நான். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவள்.

இந்தக் கட்டுரை உடல் ஊனமுற்ற பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. தலித் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். "சாதிப் பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு, இதுல இது வேறயா?" என்று. இது வேறு இல்லை, அதேதான் என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

என் தங்கச்சி 1996இல் பிறந்தாள். வீட்டிலேயே, பாட்டி பார்த்த பிரசவம். பிறந்ததும் அழவில்லை. முதுகில் தட்டி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்ததாம். ஒரு வயசுக்குத் தலை நிக்கல. ரெண்டு வயசுக்கு உட்காரல. காலிரண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டது. மூளை முடக்குவாதம் என்று பிற்பாடு டாக்டர்கள் பேர் சொன்னார்கள். மூளை வளர்கிற பருவத்தில் படுகிற காயம் அது. பிரசவத்தில் மூச்சு முட்டுவது, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. காயம் மேற்கொண்டு பெருகாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகிக்கொண்டே போகும், மூட்டு மடங்கினபடியே நின்றுவிடும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அறிவில் ஒரு குறையும் கிடையாது. வாய்த்தசையும் நாக்கும் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு உலகம் மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுகிறது.

எங்கள் வீட்டுக்கு டாக்டர் சொன்ன பேர் வருவதற்கு முன்னாலேயே வேறொரு விளக்கம் வந்து சேர்ந்துவிட்டது. "போன ஜென்மத்துல செஞ்ச பாவம்." ஊர்த்தெருவில் அம்மா களை வெட்டப் போன வீட்டில் சொன்னார்கள். கோயில் வாசலில் சொன்னார்கள். காலனியிலும் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டே கேட்டாள், "ஏற்கெனவே பாவம் செஞ்சிதான் இந்தச் சாதியில பொறந்தோம்னு சொல்றானுங்க. அதுக்கு மேல இதுக்கும் தனியா பாவமா?"

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கேட்ட கேள்வி, ரெண்டு கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்பட்டவை என்பதைக் காட்டிவிட்டது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். இன்ன பாவம் செய்தவன் இன்ன ஊனத்தோடு பிறப்பான் என்று அங்கே பட்டியல் இருக்கிறது. 9ஆம் அத்தியாயத்தில் யாருக்கெல்லாம் சொத்தில் பங்கு கிடையாது என்று வருகிற இடத்தில், சாதியிலிருந்து தள்ளப்பட்டவனும் பிறவிக் குருடனும் செவிடனும் ஊமையும் உறுப்பு இல்லாதவனும் ஒரே சுலோகத்தில் நிற்கிறார்கள். தள்ளி வைக்கிற புத்தி இவர்களை எல்லாம் ஒரே மூச்சில் தள்ளியிருக்கிறது. ஊனத்தைக் காரணம் காட்டிப் பங்கு மறுக்கிற வழக்கத்தை வெள்ளைக்காரன் காலத்தில் 1928இல் ஒரு சட்டமும், பிறகு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. நெய்வேலிக் கம்பெனி பதிவான அதே 1956.

வடமொழியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். புறநானூற்றின் 28ஆம் பாட்டு, குருடு, கூன், குள்ளம், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறப்பை வரிசைப்படுத்தி, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் சொன்னதாகச் சோழனுக்குச் சொல்கிறது. ஔவையார் பேரில் வழங்குகிற தனிப்பாட்டு, ஊனமில்லாமல் பிறப்பதே அரிது என்கிறது. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டானாம் என்று பழமொழி வேறு. ஆசைப்பட்டதே குற்றம் என்று சிரிக்கிற பழமொழி அது. சேரிக்காரன் செருப்புப் போட ஆசைப்பட்டால் எந்தச் சிரிப்பு வருமோ அதே சிரிப்பு.

ஆனால் அதே தொகை நூல்களுக்குள்தான் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் இருக்கிறார். ஆய் அண்டிரனைப் பாடியவர். பேரிலேயே சேரியும் இருக்கிறது, முடமும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சேரி வெறும் குடியிருப்புதான், இன்றைய பொருளில் எடுக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். சரிதான், எடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. நடக்க முடியாத ஒருவர் பாட்டுக் கட்டுகிற அளவுக்கு எப்படிப் படித்தார்? யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இலக்கிய வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் வராது, கண் தெரியாதவர் கால் வராதவரைத் தோளில் சுமந்தார் என்று கதை சொல்கிறோம். கதையை ரசிக்கிறோம். சுமந்தவருடைய தோள்வலியைக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் தோள் அம்மாவுடையது. சரியாகச் சொன்னால் இடுப்பு.

தங்கச்சிக்கு ஆறு வயசானபோது அம்மா அவளைப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனாள். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. அன்றைக்கு எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஏம்மா, இங்க படிக்கட்டு இருக்கு. இது ஒண்ணுக்குப் போனா யாரு பாக்கறது? மத்த புள்ளைங்க பயப்படும். வீட்டுல வச்சிப் பாத்துக்க." தங்கச்சியை அவர் 'இது' என்றார். அம்மாவை 'நீ' என்றார். வயசில் மூத்த ஒருத்தியை 'நீ' என்று சொல்ல வைத்தது ஊனமா, சாதியா? பிரித்துப் பார்க்க முடியாது. பாலில் கலந்த தண்ணி மாதிரி ரெண்டும் கலந்துதான் எங்கள்மேல் ஊற்றப்படுகிறது. அப்போதே 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் அமலில் இருந்தது. 18 வயசு வரை இலவசக் கல்வி என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாத்தியாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பிறகு யாரோ சொல்லித்தான் சிறப்புப் பள்ளி என்று ஒன்று உண்டு என்பதே தெரிந்தது. நெய்வேலியில் சினேகா என்ற பேரில் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி என்.எல்.சி.யின் ஆதரவோடு நடப்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் சிறியதும் பெரியதுமாக இப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. தங்கச்சி போனது இந்த வகைப் பள்ளி ஒன்றுக்கு. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 'சேவை', 'கருணை' என்று பேசுகிறவர்கள் அந்த வேலையின் நுட்பத்தை மறைத்துவிடுகிறார்கள்.

முதல் வேலை அ, ஆ இல்லை. உட்கார வைப்பது. முதுகு வளையாமல், இடுப்பு நழுவாமல், கால் பின்னாமல் உட்கார்ந்தால்தான் கை விடுபடும். கை விடுபட்டால்தான் எழுத்து. அதற்கு மூலை மடக்கின மாதிரி ஒரு நாற்காலி, நெஞ்சு பொருந்துகிற மாதிரி அரைவட்டமாக வெட்டின மேசை, தொடைக்கு நடுவில் ஒரு கட்டை. நிற்க வைத்துக் கட்டுகிற பலகை ஒன்று உண்டு. எலும்பு உறுதிப்பட உடம்பு எடையைக் கால் தாங்கிப் பழக வேண்டும். பென்சில் மெல்லிசாக இருந்தால் இறுகின விரலால் பிடிக்க முடியாது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி அதைத் தடியாக்கிக் கொடுத்தார்கள். கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. இந்தக் கம்பி ஒன்று இருந்திருந்தால் அந்த முதல் பள்ளியில் பாதிக் கேள்வி எழுந்தே இருக்காது.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஒரு பலகை. அதில் படமும் சொல்லும். தண்ணி, பசி, வலிக்குது, ஒண்ணுக்கு, ஆமாம், இல்லை. எதை வேணும்னாலும் தொட்டுக் காட்டலாம். தங்கச்சி முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சொல் 'இல்லை'. சோறு வேணுமா? இல்லை. வீட்டுக்குப் போலாமா? இல்லை. ஏழு வருசமாக அவளுக்குப் பதிலாக எல்லாரும் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்த உடம்பு, முதல் தடவையாக மறுத்தது. மறுக்கத் தெரிவதுதான் படிப்பு என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பலகையில்தான் பார்த்தேன்.

இன்னொன்று, தொடுதல். தினமும் அரைமணி நேரம் பயிற்சி கொடுக்கிற அக்கா தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வார். பாதத்தை மெதுவாக மேலே தள்ளிக் கெண்டைக்கால் தசையை இழுத்துப் பிடித்திருப்பார். எண்ணிக்கொண்டே இருப்பார். பிறகு தொடை, பிறகு தோள். காசு கொடுத்தால்கூட விரல் படாமல் மேலிருந்து போடுகிற கடைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். ஒரு காலனிப் பிள்ளையின் பாதம் வேறொருத்தர் உள்ளங்கையில் அத்தனை நேரம் இருந்ததை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த அக்கா புரட்சி எதுவும் பேசவில்லை. தசை இறுகாமல் இருக்க என்ன செய்யணுமோ அதைச் செய்தார். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அது ஒழிகிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அந்தப் பாயைத்தான் சொல்வேன்.

அதே பயிற்சியை வீட்டிலும் செய்யணும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா கையை நீட்டத் தயங்கினாள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலை எரித்துவிடும். அம்மாவின் விரலெல்லாம் கறுத்து, உரிந்து கிடந்தது. "இந்தக் கையாலயா டீச்சரம்மா?" என்றாள். "இந்தக் கைதாம்மா காலம் பூரா அவகூட இருக்கப் போவுது. புடிங்க" என்று அவர் சொன்னார்.

இதுவரைக்கும் சொன்னது பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே. இனி சொல்வது கேட்டுக்கு வெளியே. கட்டுரையின் விசயமே இதுதான்.

பஸ் ஊர்த்தெரு முனையில் நிற்கும். காலனிக்குள் வராது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பஸ் இப்படித்தான் நிற்கிறது. ரோடு போட்டவன் யாரும் சாதி பார்த்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டான். ரோடு அப்படித்தான் வளைந்திருக்கும். அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடப்பாள். ரெண்டு பஸ் மாறுவாள். இறங்கி மறுபடி நடப்பாள். திரும்பி வீட்டுக்கு வந்து போனால் டிக்கெட் காசு ரெட்டிப்பாகும். அதனால் பள்ளி விடும்வரை அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். முந்திரி உடைப்பது கிலோ கணக்கில் கூலி. உட்கார்ந்த நாளுக்குக் கூலி இல்லை. ஆக இலவசக் கல்விக்கு எங்கள் வீடு கட்டின பீஸ் அம்மாவின் ஒருநாள் கூலி, தினம் தினம்.

அந்த மரத்தடியில் இன்னும் சில அம்மாக்கள் இருந்தார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பிள்ளைகளை அப்பாவோ தாத்தாவோ ஸ்கூட்டரில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மரத்தடியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் காலனிகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வார்த்தை, "கனக்குறா." எம் மவ கனக்குறாடி. எம் பையன் கனக்குறான், முதுவு வுட்டுப் போச்சு. பிள்ளை வளர்வதைப் பார்த்துத் தாய் சந்தோசப்படுவாள் என்று எழுதுகிறோம். அங்கே பிள்ளை வளர்வது பயமாக இருந்தது. ஏழு வயசில் தூக்க முடிந்தது. ஒன்பதில் நின்று நின்று தூக்கினாள். பதினொன்றில் முடியவில்லை. ரோடு அதே நீளம்தான். பிள்ளை வளர வளரப் பள்ளிக்கூடம் தூரமாகிக்கொண்டே போகிறது. ஒரு நாள் எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பதிவேட்டில் 'நின்றுவிட்டார்' என்று எழுதுவார்கள். பிள்ளை நிற்கவில்லை. சுமந்தவளுடைய இடுப்பு நின்றது.

பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொரு கதவும் சாத்தப்படும். வயசுக்கு வந்தபிறகு, மாதவிலக்கு நாளில் யார் துணி மாற்றுவது, பஸ்ஸில் யார் யார் கை படும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது.

தங்கச்சி ஒரு வருசம் வீட்டிலேயே கிடந்தாள். அந்த ஒரு வருசத்தில் முழங்கால் மடங்கினது மடங்கினபடி இறுகியது. காலுக்குப் போடுகிற காலிபரும் பூட்சும் சின்னதாகிப் போயின. வளர்கிற பிள்ளைக்கு அளவு மாற்றிக்கொண்டே இருக்கணும். ஒரு தடவை கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் முடிகிற காரியம் இல்லை அது.

அதை உடைத்தது மேலிருந்து வந்த எந்த உத்தரவும் இல்லை. எங்கள் காலனியின் மகளிர் குழுப் பெண்கள். காலனியில் ஆட்டோ ஓட்டின அண்ணன் ஒருத்தரிடம் பேசினார்கள். தங்கச்சியோடு பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் சேர்த்து ஏற்றி இறக்குவது, எண்ணெய்க் காசைக் குழு கொடுப்பது என்று முடிவானது. அவ்வளவுதான் ஏற்பாடு. அம்மா திரும்ப முந்திரி உடைக்கப் போனாள். தங்கச்சி திரும்பப் பள்ளிக்குப் போனாள். 2014இல், சொல்வதை எழுத ஆள் வைத்து, கூடுதலாக ஒரு மணி நேரம் வாங்கி, பத்தாவது பாஸ் பண்ணினாள். மண்ணுக்கு அடியில் எத்தனையோ அடி ஆழத்தில் கிடக்கிற பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதற்கும் கீழே முட்டிக்கொண்டு நிற்கிற தண்ணியை ராவும் பகலும் இறைத்துக்கொட்டுகிற பூமி இது. அந்தப் பூமியில் மூணு பிள்ளைகளைச் சில கிலோமீட்டர் நகர்த்துவதற்கு ஒரு ஆட்டோதான் தேவைப்பட்டது.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது. 2007இல் இந்தியா ஏற்றுக் கையெழுத்திட்டது. அதையொட்டி 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த ஊனம் இதில் 21 ஆனது. அரசு வேலையில் 3 சதவீதம் 4 ஆனது. 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள 6 முதல் 18 வயசுப் பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. இதெல்லாம் பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 16ஆம் பிரிவு. அரசு நிதி பெறுகிற, அரசு அங்கீகரித்த கல்வி நிலையங்கள் ஊனமுற்ற பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுகிற பிள்ளையாக இருந்தால், கூட வருகிற உதவியாளருக்கும் சேர்த்து.

கூட வருகிறவர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது? எங்கள் அம்மாவை. மரத்தடியில் கூலி இழந்து உட்கார்ந்திருந்தவர்களை. சட்டப் புத்தகத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். காலனி முனையில் இன்னும் வரவில்லை. அங்கன்வாடியிலும் ஊராட்சி ஆபீசிலும் இந்த ஒரு வரியைப் படித்துக்காட்டிப் பாருங்கள். அப்படியா என்பார்கள்.

பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வீடு தேடி வருகிறார்கள். நல்ல மனுசர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களும் தொகுப்பூதியக்காரர்கள்தான். ஆனால் வாரத்தில் ஓரிரு முறை வந்து போகிறவரைக் காட்டி, பள்ளியிலிருந்து நிறுத்திவிடக் கூடாது. வீட்டுக்கு வந்து கற்பிப்பது கடைசி வழி. கனக்கிற பிள்ளைக்கெல்லாம் அதுவே முதல் வழியாகிவிட்டால், அதற்கு ஒதுக்கி வைத்தல் என்று பேர்.

நீதிமன்றமும் நம் ரெண்டு அடையாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. 2020 ஜூலையில் ஆரியன் ராஜ் வழக்கில், ஊனமுற்றவர்களும் சமூகரீதியாகப் பின்தங்கியவர்களே, பட்டியல் சாதியினருக்குத் தருகிற தேர்ச்சி மதிப்பெண் சலுகை அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. நல்லது. ஆனால் ரெண்டுமாக இருக்கிற உடம்பு? அதற்கு 2021 ஏப்ரலில் படான் ஜமால் வலி வழக்கு வந்தது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் வல்லுறவு செய்யப்பட்ட வழக்கு அது. சாதி, பெண், ஊனம் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து செய்கிற ஒடுக்குமுறையைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று நீதிபதிகள் விரிவாகவே எழுதினார்கள். ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். அதே தீர்ப்பில், சாதியின் பேரால் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை மட்டும் ரத்தானது. மூன்றும் கலந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம், சாதியை மட்டும் நிரூபிக்க முடியாது. 'இது', 'நீ' என்று சொன்ன அந்த வாத்தியாரிடமும் எந்தச் சாட்சியத்தை எடுத்திருக்க முடியும்?

பேர் வைக்கிற அரசியலையும் சொல்லணும். நம்மை ஹரிஜன் என்றார்கள், கடவுளின் மக்கள் என்று அர்த்தம் சொன்னார்கள். 2015 முதல் ஊனமுற்றவர்களை திவ்யாங் என்கிறார்கள், தெய்வீக உறுப்பு உடையவர் என்று அர்த்தம். ரெண்டிலும் கடவுள் வந்து உட்கார்ந்துகொள்கிறார், மனுசன் காணாமல் போகிறான். தமிழ்நாட்டில் 2010 வாக்கில் வந்த மாற்றுத்திறனாளி என்ற சொல் அதைவிட மரியாதையானது. ஆனால் பேரை மாற்றின வேகத்தில் படிக்கட்டை மாற்றவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஊனமுற்றவர்கள் 11.79 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் பேர் வந்துவிட்டது, சாய்தளம் வரவில்லை.

சிறப்புப் பள்ளி வேண்டுமா, எல்லாரோடும் சேர்ந்து படிக்கிற பள்ளி வேண்டுமா என்று படித்தவர்கள் வாதம் செய்கிறார்கள். 'தனி' என்ற சொல்லின் ரெண்டு முகமும் நமக்குத் தெரியும். தனிக்குவளை அவமானம். தனிச் சுடுகாடு அவமானம். ஆனால் அம்பேத்கர் கேட்ட தனி வாக்காளர் தொகுதி உரிமை, அதை 1932இல் பூனாவில் பறிகொடுத்தோம். தனி என்பது கெட்டதா நல்லதா என்பதை ரெண்டு கேள்வி தீர்மானிக்கிறது. யார் முடிவு செய்தார்கள்? வெளியே வர வாசல் இருக்கிறதா? மற்ற பள்ளிகள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டு 'உனக்குத்தான் தனியா ஒண்ணு இருக்கே' என்று கைகாட்டினால் அது குவளை. உட்காரவும் எழுதவும் மறுக்கவும் பழக்கி, வா இனி எங்கே வேணும்னாலும் போ என்று அனுப்பினால் அது உரிமை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின் உடல் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். அந்தச் சங்கம் நடத்துகிற சிவசரஸ்வதி வித்யாலயாவில் ஊனமுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவரே முடிவெடுக்கிற இடத்திலும் இருந்ததால் வாசல் அகலமாக இருக்கிறது.

கடைசியாக நம் ஆட்களுக்கு. நம் கூட்ட மேடைக்குப் படிக்கட்டு இருக்கிறது. நாம் திறக்கிற படிப்பகத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது. அம்பேத்கர் சிலைக்கு மாலை போட ஏறுகிற மேடைக்கும் படிக்கட்டுதான். தங்கச்சிக்கு இப்போது 29 வயசு. மகளிர் குழுவின் கணக்கைச் செல்போனில் அவள்தான் போடுகிறாள். வருசா வருசம் ஏப்ரல் 14க்குக் காலனியில் கூட்டம் நடக்கும். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பாள். மேடை ஏறினதில்லை.

காலனிகளில் நாம் எத்தனையோ கணக்கெடுக்கிறோம். பட்டா எத்தனை, தண்ணிக்குழாய் எத்தனை, பட்டதாரி எத்தனை. அடுத்த தடவை அந்தத் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். இந்த வீட்டில் யார் யாரைச் சுமக்கிறார்கள், எவ்வளவு தூரம், எத்தனை வயசு வரைக்கும் சுமந்தார்கள் என்று எழுதுங்கள். எழுதின தாளோடு 16ஆம் பிரிவையும் இணைத்து, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போங்கள். அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயும் படிக்கட்டு இருந்தால், மனுவை வாங்க அவர்கள் இறங்கி வரட்டும்.